மாராத்தாளுக்கும் ஒரு இலை

என் கண்ணு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பத்திரிகை கொடுக்க உங்கப்பா அவிநாசிப் பக்கம் போயிருக்கிறார். தறிக்கூடத்துக்கு இன்று லீவு என்பதால் வீடு அமைதியாக இருக்கிறது. நான் எழுதப்போகும் பிளஸ் டூ தனித்தேர்வுக்காக வாங்கிய நோட்டில், கட்டுரை எழுதிப் பழக விட்டுவைத்த பக்கங்களில் இதை எழுதுகிறேன். சொல்ல வந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைத்தால் மார்க் போய்விடும் என்பார் எங்கள் டுடோரியல் தமிழ் வாத்தியார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நந்தினி வீட்டார் நம் வீடு பார்க்க வந்த அன்று நான் சமையலறையை விட்டு வெளியே வராததற்குக் காரணம் திமிர் இல்லை, பயம். இந்தச் சம்பந்தம் முறிந்துபோகப் பார்த்தது என்னால்தான். அது மறுபடி எப்படி ஒட்டியது என்று உனக்குத் தெரியாது. அவளுடைய அப்பா மனம் இறங்கிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நடந்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மாராத்தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீ நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில்தான் அந்தப் படக்காரர்கள் கருமத்தம்பட்டிக்கு வந்தார்கள். நம் தறிக்கூடமும் அதை ஒட்டியிருந்த பழைய ஓட்டு வீடும் டைரக்டருக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு அப்போது முப்பது வயது. பத்தாவதோடு நின்றுபோன படிப்பை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவள், அச்சடித்த தாள் எது கிடைத்தாலும் விடமாட்டேன். கயிற்றுக் கட்டிலில் அவர்கள் வைத்துவிட்டுப் போன வசனத் தாள்களையும் எடுத்துப் படித்துவிட்டேன். அதில் மருமகளைப் பட்டினி போடும் ஒரு மாமியார் வருவாள், பெயர் மாராத்தாள். அவள் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. டீ கொடுக்கப் போன இடத்தில் டைரக்டரிடம் சொல்லியும்விட்டேன். “ஏனுங்க சார், எங்கூர்ல மாமியா ‘அடியே’ன்னு கத்துனா மருமவ ஒண்ணும் பயப்பட மாட்டாளுங்க. ‘அம்மணி’ன்னு மருவாதியாக் கூப்பிட்டுப்போட்டு, அதுக்கப்பறம் மெல்லமாப் பேசோணும். அப்பத்தான் வயித்துல புளியக் கரைக்கும்.”

அவர் அதை என்னையே இன்னொரு தடவை பேசிக் காட்டச் சொன்னார். அந்த வேஷத்துக்குப் பேசியிருந்த நடிகை மூன்று நாளாக வரவில்லை. மறுநாள் காலையில் என் தலைக்கு வெள்ளை பூசி, நெற்றியில் சுருக்கம் வரைந்து, என்னையே நிறுத்திவிட்டார்கள். உங்கப்பாவைக் கேட்டதற்கு, “நாலு நாள் கூத்துத்தான, செஞ்சுபோட்டு வா” என்று சிரித்தார். அந்தக் கூத்து பத்தொன்பது வருஷமாக ஓடப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்தத் தட்டுக் காட்சி உனக்கு மனப்பாடம். நாள் முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வந்த மருமகள் சாப்பிட உட்காருவாள். மாராத்தாள் சிரித்தபடியே எதிரில் வந்து நிற்பாள். முதல் கவளம் வாய்க்குப் போகிற நேரம் பார்த்துத் தட்டை எடுத்துக்கொண்டு, “உக்காந்தது போதும் அம்மணி. எந்திரி” என்பாள். அவ்வளவுதான் வசனம். ஆனால் அந்தக் காட்சியை எடுத்த விதத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மருமகளாக நடித்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பசி முகத்தில் தெரிய வேண்டும் என்று டைரக்டர் அவளைக் காலையிலிருந்து சாப்பிடவிடவில்லை. ஒவ்வொரு முறையும் ஆவி பறக்கப் புதுச் சோறு கொண்டுவந்து வைப்பார்கள். அவள் கவளத்தை எடுப்பாள், நான் தட்டைப் பிடுங்குவேன். லைட் சரியில்லை என்பார்கள், கேமரா ஆடிவிட்டது என்பார்கள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, யாருக்கும் கேட்காமல் அவள் என்னிடம் கேட்டாள். “அக்கா, ஒரே ஒரு வாய்.”

நான் டைரக்டரைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார், அந்த முகம் அப்படியே இருக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை, கண்ணு. என் கையில் ஒரு தட்டுச் சோறு இருந்தது, எதிரில் பசியோடு ஒரு பெண் இருந்தாள். எனக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது. ஆனாலும் படத்தைக் கெடுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. பதினோராவது முறையில் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சாப்பிட்டாளா என்றுகூட நான் போய்ப் பார்க்கவில்லை, கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தியேட்டரில் ஜனங்கள் என்னைப் பார்த்துச் சாபம் விட்டபோது, நடிப்புக்கு இப்படியா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அதில் பாதி நடிப்பே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சம் உனக்கு ஞாபகமிருக்கும். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர், “மாராத்தா அக்காவுக்கு எடம் உடுங்க, இல்லீன்னா உங்க டிபன் பாக்ஸு போயிரும்” என்பார். பஸ்ஸே சிரிக்கும். ஜவுளிக்கடையில் கூட்டம் தானாக விலகும். ஒரு முறை வயதான அம்மாள் ஒருத்தர் என் கன்னத்தில் இடித்துவிட்டு, இடித்த கையோடு திருஷ்டியும் கழித்தார். இதெல்லாம் எனக்கு வேதனையாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆரம்பத்தில் ரொம்பப் பிடித்திருந்தது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, யார் முன்னாலும் வாய் திறக்காமல் இருந்தவள் நான். இப்போது ஒரு பார்வை பார்த்தால் ரேஷன் கடைக்காரர் தராசை இரண்டு முறை சரிபார்க்கிறார். அந்தப் பார்வையை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். உங்கப்பாவோடு சண்டை வந்தால் எதிர்த்துப் பேச மாட்டேன், மாராத்தாள் மாதிரி சிரித்துக்கொண்டே பார்ப்பேன். அவர் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விடுவார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அவர் எதற்காகப் போனார், அங்கே போய் என்ன யோசித்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாணம் ஆகப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஊரில் உனக்கு எது பேர் வாங்கிக் கொடுக்கிறதோ அதை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போகாதே. செருப்பைப் போல வாசலிலேயே விட்டுவிடு.

உன் ஐந்தாம் வகுப்புச் சிநேகிதர்கள் நான்கு பேர் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. தக்காளிச் சாதமும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். “அத்தே, ஒரு தடவ செஞ்சு காட்டுங்க” என்று ஒருவன் கேட்டான். நீ மெதுவாக, “வேண்டாங்கம்மா” என்றாய். எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும், ஓரத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரப் பையனின் தட்டைப் பிடுங்கி, அந்த வசனத்தைச் சொல்லிவிட்டேன். மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அம்மா இல்லை என்றும், சித்தியோடுதான் இருக்கிறான் என்றும் நீ எனக்குப் பிறகுதான் சொன்னாய். தட்டை அவன் கையில் கொடுத்து, தலையைத் தடவி, பாயசம் ஊற்றி என்னென்னவோ செய்து பார்த்தேன். அவன் எழுந்து கை கழுவிவிட்டான். அன்று சாயங்காலம், “இனிமே எங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதீங்கம்மா” என்று நீ சொன்னாய். பிளஸ் டூ முடிக்கும் வரைக்கும் நான் வரவில்லை. உன் ரேங்க் கார்டில் உங்கப்பா கையெழுத்து மட்டுமே இருக்கும். அதற்காக உன்னைக் குறை சொல்லவே மாட்டேன். ஒரு கைதட்டலுக்காக நான் உன் குரலைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன், அதற்கு உன்னிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் படத்துக்குப் பிறகு இன்னும் நான்கு படங்கள் நடித்தேன். நான்கிலும் மாமியார்தான், சேலை நிறம் மட்டும் மாறும். டாக்டராக ஒரு வேஷம் கொடுங்கள், டீச்சராகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “உங்களைப் பாத்தாலே ஜனங்க தட்டை ஒளிச்சு வெப்பாங்க, ஊசி போட உடுவாங்களா?” என்று மேனேஜர் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு நாள் சோமனூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கைக்குழந்தை வைத்திருந்தாள், என்னைவிட இளையவள். இறங்கும்போது, சண்டை போடுகிற குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “உங்க படத்தப் பாத்ததுக்கப்பறந்தானுங்கக்கா எங்க மாமியா தட்டைப் புடுங்கக் கத்துக்கிட்டாங்க. அதுக்கு முந்தி வாய்ல மட்டுந்தான் வைவாங்க.” அவள் இறங்கிப் போய்விட்டாள். அத்தோடு நான் நடிப்பை நிறுத்தினேன். உங்கப்பாவிடம் முதுகு வலி என்று சொன்னேன், உன்னிடமும் அதையேதான் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நீ கவனித்திருக்க மாட்டாய், உங்கப்பாவே கவனிக்கவில்லை. விசேஷ வீடுகளில் பந்தியில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் தன் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். விளையாட்டுக்குத்தான், சிரித்துக்கொண்டுதான். ஆனால் ஒவ்வொரு பந்தியிலும் யாராவது ஒருத்தர் பிடிப்பார். நானும் சிரிப்பேன். சோறு உள்ளே இறங்காது, அந்தப் பெண் கேட்ட ஒரு வாய்தான் தொண்டையில் நிற்கும். அதனால் பந்தியில் உட்காருவதை விட்டேன், அப்புறம் வீட்டிலும் விட்டேன். உங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்டால், வேலையோடு வேலையாக ஆகிவிட்டது என்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். இதற்குள் வயதும் ஏறிவிட்டது. அன்று பிரஷ் வைத்துப் பூசிய வெள்ளை இன்று தானாகவே வந்துவிட்டது, வரைந்த சுருக்கங்கள் வரைந்த இடத்திலேயே விழுந்துவிட்டன. கண்ணாடியில் பார்த்தால் நான் இல்லை, மாராத்தாள்தான் நிற்கிறாள். இந்த முகத்தோடு ஒரு வீட்டில் போய்ப் பெண் கேட்க வேண்டுமே என்று நீ நந்தினியைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நந்தினியின் அப்பா அம்மா வால்பாறை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து, மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்தார்கள். நந்தினியும் அவர்களோடு வந்திருந்தாள். வீடு பிடித்திருந்தால் கை நனைத்துவிட்டுப் போவது, இல்லையென்றால் தண்ணீரோடு கிளம்பிவிடுவது என்று முறை உனக்கே தெரியும். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், உங்கப்பாவோடு சிரித்துப் பேசினார்கள், சாப்பிட உட்கார்ந்தும்விட்டார்கள். சமையலுக்குப் பிடித்த ஆளையே பரிமாறச் சொல்லியிருந்தேன். நான் மட்டும் வெளியே போகவில்லை. சாம்பார் வாளியோடு நான் அந்தப் பெண்ணின் இலை முன்னால் குனிந்தால் அவளைப் பெற்றவளுக்கு என்ன ஞாபகம் வரும்? மகளைக் கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? கல்யாணம் முடியும் வரைக்குமாவது இந்த முகம் அவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, கதவுக்குப் பின்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரசம் வரைக்கும் பொறுத்துப் பார்த்த நந்தினியின் அம்மா, “சம்பந்தியம்மா வர மாட்டாங்களாட்ட இருக்குதுங்க?” என்று உங்கப்பாவிடம் கேட்டார். அவர் என்னவோ மழுப்பினார். தயிர் வருவதற்கு முன்பே அந்த அம்மாள் இலையை மூடிவிட்டார். “எங்க புள்ளைக்கு இன்னைக்கு ஒரு கரண்டி போட வராத கையி, நாளைக்கு என்னத்தப் போடப்போவுது” என்று சொன்னது கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு நீ நேராகச் சமையலறைக்கு வந்தாய். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். “இன்னைக்குமாம்மா நடிக்கோணும்?” என்று கேட்டாய். மறுநாள் ஆபீஸ் வேலையாகப் புனே போனாய், ஒரு வாரம் உன் போன் வரவில்லை. நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் மறைத்த ஒன்றை, கோபமாக நிற்கிற பிள்ளையிடம் எந்த முனையிலிருந்து எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் உங்கப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். வாசலில், “ஏனுங்க, ஊட்டுல யாருங்க?” என்று குரல் கேட்டது. காந்திபுரம் ஹாஸ்டலிலிருந்து நந்தினி தனியாக வந்திருந்தாள். நான் வருவதற்குள் அவளே சமையலறை வரைக்கும் வந்துவிட்டாள். இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு, வாயில் சோற்றோடு நான் நின்றிருந்தேன். அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “அன்னைக்கு ஏனுங்கத்தை நீங்க வர்ல? எங்களப் புடிக்கலீங்களா?” என்றாள். அந்தக் கேள்வி அவ்வளவு நேராக இருந்ததால்தானோ என்னவோ, இந்த நோட்டில் உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். ஒரு வாய் கேட்ட பெண்ணை, கண்ணாடிக்காரப் பையனை, சோமனூர் பஸ்ஸை, பந்தியை. உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டேன் என்று உனக்கு வருத்தம் வரலாம். வரட்டும், அதுவும் நியாயம்தான்.

கேட்டு முடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ அத்தே, எங்கம்மாவுக்கு உங்கமேல பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் டிவி முன்னால உக்காந்தா எங்கம்மா உங்க வசனத்தச் சொல்லித்தான் எழுப்புவாங்க. எஸ்டேட் லைன்ல இருக்கற அத்தன பேர்த்துகிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வந்தாங்க, ‘மாராத்தா கையில சோறு திங்கப்போறேன்’னு. நீங்க வர்லீன்னதும் அவிய மொகம் சுண்டிப்போச்சு. திரும்பிப்போயி லைன்ல என்னன்னு சொல்லுவாங்க?” என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் எனக்காகக் காத்திருந்ததும், இந்தப் பக்கம் நான் அவருக்குப் பயந்து நின்றதும் நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கத் தட்டின் பக்கம் குனிந்து அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.

வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் அவள் தட்டைப் பிடுங்கிவிட்டாள். நிஜமாகவே பிடுங்கினாள், கண்ணு. மாராத்தாளுக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

“நின்னது போதுங்கத்தை. உக்காருங்க.”

கூடத்தில் தட்டை வைத்தாள். நான் உட்கார்ந்தேன். முதல் வாய் எடுத்ததும், பக்கத்தில் யாராவது எதையாவது பிடித்துக்கொள்கிறார்களா என்று பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ரசத்துக்குத் தனியாகச் சோறு போட்டாள், தயிருக்குத் தனியாகப் போட்டாள். பிறகு தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு நான்தான் பரிமாறினேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்து, “அம்மா, மாராத்தா கையில சோறு நான் தின்னுபோட்டேன், நீங்கதான் உட்டுட்டீங்க” என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து உனக்குப் புனேவுக்கு வந்த சம்மதம் அங்கிருந்து வந்ததுதான். உன்னிடம் நானே சொல்லும் வரைக்கும் சொல்ல மாட்டேன் என்று நந்தினி வாக்குக் கொடுத்திருந்தாள், அதைக் காப்பாற்றியும் இருக்கிறாள்.

உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நீ கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான், அம்மா ஏன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதையும் நாலைந்து வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. நந்தினி நின்றுகொண்டு சாப்பிடுவதை என்றைக்காவது பார்த்தால் நீ உடனே கேட்டுவிடு, என்ன காரணம் சொன்னாலும் நம்பாதே. அந்தக் கண்ணாடிக்காரப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான் என்றாய், அவனுக்கு நான் என் கையால் எழுதிப் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். மருமகளாக நடித்த அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவளுக்கும் ஒன்று போகும். வந்தால் முதலில் அவளுக்கு நான் பரிமாற வேண்டும்.

கடைசியாக ஒரே ஒரு காரியம். மண்டபத்துக்காரரிடம் பேசும்போது முதல் பந்தியில் எனக்கும் ஒரு இலை சேர்த்துச் சொல்லிவிடு, சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில். மலையிலிருந்து இறங்கி வருகிற லைன்காரர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்ப்பார்கள். யாராவது இலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் நன்றாகச் சிரிக்கட்டும். தயிர் வரும் வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.

உன் அம்மா